கடற்கரையில் தறிப்பேச்சு

அவள் நெசவு மில்லில் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். கூடத்தில் அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. குரலே எழுப்பாமல், உதட்டை அகலமாக, நிதானமாக அசைத்துப் பேசுவார்கள். நாலைந்து தறி தள்ளி நிற்பவளுக்கும் புரிந்துவிடும். மேஸ்திரியைத் திட்டுவது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் இப்படித்தான். இதற்குத் தறிப்பேச்சு என்று பெயர். சத்தம் இருக்கிற வரை ரகசியம் பத்திரம் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

அவளுக்குக் காது போய்விட்டது. மில்லில் அது புதிதல்ல. மகளிடம் மட்டும் சொல்லவில்லை. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். மகளும் சிறு வயதிலேயே தறிப்பேச்சைக் கற்றுக்கொண்டவள்தான். அதைப் பக்கத்து இருக்கைக்காரிக்கும் பழக்கி, பரீட்சையில் விடை சொல்லி மாட்டிக்கொண்டாள்.

மகள் இப்போது வெளியூரில் ஒரு குழுவோடு பாடுகிறாள். புதுப்பாட்டு ஒவ்வொன்றையும் செல்போனில் அனுப்புவாள். அம்மா அதைக் காதோடு அழுத்திப் பார்ப்பாள். பிறகு, நல்லா இருக்கு என்று எழுதி அனுப்புவாள். "உன் காதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கோட பாட்டுக்கு ஒரு முழுக்கு. வேலைக்குப் போய் உன்னை மில்லிலிருந்து நிறுத்திடுவேன்" என்று மகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

மகள் பாடும் கடற்கரை இசைவிழாவுக்கு அவளிடமிருந்து இரண்டு சீட்டு வந்தது. அம்மா அப்படி எதற்கும் போனதில்லை. துணைக்கு அடுத்த தறிக்காரி நெட்டையைக் கூட்டிக்கொண்டாள். நெட்டை மில்லுக்குப் புதிது. காது இன்னும் நன்றாகவே இருந்தது. வாசலில் ஆளுக்கொரு காகிதப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டினார்கள்.

"எதுக்குக்கா இது?"

"தொலைஞ்சு போனா கண்டுபிடிக்கவோ என்னவோ."

"என்னைத் தொலைச்சிடுவாங்களா? கலங்கரை விளக்கம் மாதிரி நிக்கிறேன்."

மணல் சூடாக இருந்தது. காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு மேடைக்கு நேர் முன்னால் போய் நின்றார்கள். ஒலிபெருக்கிகள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. சுற்றிலும் இளவட்டங்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினார்கள், பிறகு "என்ன?" என்று கைகாட்டினார்கள். இவர்கள் இருவரும் மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழுமுன்பே மகள் மேடை ஏறினாள். பேர்பெற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் பாட்டு பாதி போயிருக்கும்.

"பின்றாக்கா உன் பொண்ணு" என்றாள் நெட்டை, தறிப்பேச்சில். "கேக்குதா?"

"எங்கே கேக்குது? வயித்துல டம்டம்னு இடிக்குது, அவ்வளவுதான். அவ குரலைக் கேட்டே வருஷமாச்சு. அவகிட்ட உளறிடாதே."

சத்தத்துக்குள் சொன்னால் வெளியே போகாது என்ற மில் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு தெரிந்த மூன்றாவது ஆள் மேடையில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது உறைக்கவில்லை.

மகள் ஒரு வரியை விட்டுவிட்டாள். கிதார்காரன் திரும்பிப் பார்த்தான். அடுத்த வரியிலிருந்து அவள் வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பாட ஆரம்பித்தாள். அம்மாவுக்கு முதல்முறையாகப் பாட்டு புரிந்தது. காதல் பாட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது சாத்த முடியாத ஜன்னல் உள்ள ஒரு வாடகை அறையைப் பற்றியது. மழை பெய்தால் கட்டிலை நகர்த்துவது பற்றியது. மகள் அதை அவளிடம் சொன்னதே இல்லை.

பக்கத்தில் யாரோ சிரிப்பது தெரிந்தது.

"ஏண்டி சிரிக்கிறாங்க?"

நெட்டை தயங்கினாள். "அப்படி வாயைப் பொளந்துட்டு பாடினா பாட்டா வரும்? சந்தையில ஏலம் விடுற மாதிரி இருக்கு. உனக்காகக் கெடுத்துக்கிறாக்கா."

அம்மா மேடையைப் பார்த்தாள். பாட்டில் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. கட்டிலை எங்கே நகர்த்தினாள் என்பது இன்னும் வரவில்லை. மகளுக்குத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வயிற்றில் இடித்தது மட்டும்தான். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நெட்டை தோளைத் தட்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு. நாலு பேர் விசிலடிச்சாங்க."

மகள் மேடைக்குப் பின்வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு வந்தாள். முகம் வியர்த்திருந்தது. எதிரில் நின்று, குரலில்லாமல் கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"நீ ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடியே."

"அப்ப நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எழுதினது?"

"நல்லா இருக்கும்னுதான் எழுதினேன்."

"பொய்க்காரி."

"பாட்டை விட்டுடுவியா?"

மேடையில் அடுத்த குழு வயர்களைச் செருகிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவின் மணிக்கட்டிலிருந்த பட்டையை விரலால் சுற்றிச் சுற்றித் தள்ளினாள்.

"மில்லைப் பத்தி வீட்டுல சண்டை போட்டுக்கலாம்" என்றாள். "அடுத்த வாரம் வேற இடத்துல பாடுறேன். வா. வரிகளை முன்னாலயே எழுதித் தந்துடறேன். ஆனா என் கண்ணுல படாம கடைசி வரிசையில நில்லு."