கேள்விக்குறிகளை வாசித்த சரசு அக்கா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், கோளாறு என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம், நல்ல வெயில் நேரம், சரசு அக்கா லேப்டாப்போடு வந்தார். தறி ஓட்டுகிறவர். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போயிருந்தார். அங்கே போன் எடுக்காது, கேம்ப் ஆபீஸிலிருந்து இமெயில்தான் வரும். மூன்று மாதம் ஒன்றும் வராமல் இருந்து, ஒரே வாரத்தில் நான்கு வந்திருந்தன.

"ஒரு எழுத்துகூடப் புரியலீங்க தம்பி."

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. என்கோடிங்கை மாற்றியதும் மூன்று சரியாகிவிட்டன. மூன்றிலும் காய்ச்சல் விடவில்லை என்றுதான் இருந்தது. நான்காவது வெறும் கேள்விக்குறிகள். எழுத்து, புள்ளி, கொம்பு என்று ஒவ்வொன்றும் வழியிலேயே அழிந்து ஒரு கேள்விக்குறியாகி, சொல்லுக்கு நடுவிலுள்ள இடைவெளி மட்டும் மிஞ்சியிருந்தது. தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "இதை யாராலயும் மீட்க முடியாதுங்கக்கா" என்றேன்.

"உடுங்க, எனக்குத் தெரியுது" என்றவர், திரையில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

"சரசு, காச்சல் நின்னுருச்சு. கேம்புக்குப் பின்னால ரண்டு மாமரம். நடுவுல படுத்திருக்கேன். வெயிலே தெரியல."

கடைசி வரியில் விரல் நின்றது.

"அதுல என்னங்கக்கா?"

"அது எனக்கு மட்டும் எழுதுனதுங்க." லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து ரிக் முதலாளி வீட்டுக்குத் தகவல் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துவிட்டார், கேம்புக்குப் பின்னால் இரண்டு மாமரத்துக்கு நடுவே புதைத்துவிட்டார்கள். அந்த நான்காவது மெயில் கிளம்பியது புதைத்த மூன்றாம் நாள். யார் அனுப்பியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

சோதிக்க எடுத்த நகல் என்னிடம் இருந்தது. அக்கா வாசித்ததை எழுதி, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேள்விக்குறிகளின் எண்ணிக்கையோடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது.

கடைசி வரியில் ஐந்து கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி ஆறு. எத்தனையோ சொற்களை வைத்துப் பார்த்துவிட்டேன். அக்காவிடமே கேட்கலாம் என்று போனேன். தகவல் வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.