நிற்க வேண்டிய வாள்

எங்கள் கிறிஸ்தவக் கோயில் திருவிழா நாடகத்தில் கடைசிக் காட்சி, வேதத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சியின் தலையை வெட்டுவது. வேதசாட்சி முட்டி போட்டுத் தலை குனிவார். சேவகன் வாளை ஓங்கி இறக்குவான். கழுத்துக்கு ஒரு சாண் மேலே வாள் நின்றுவிட வேண்டும். அந்த நொடியில் விளக்கை மறைத்துத் திரையை விடுவார்கள். பதினோரு வருடமாக அந்தச் சேவகன் என் அய்யா.

பன்னிரண்டாம் வருடம் வாள் நிற்கவில்லை. கூர் இல்லாத வாள்தான். ஆனாலும் அதன் கனம் முட்டி போட்டிருந்தவரின் காறை எலும்பை உடைத்து நரம்பையும் கெடுத்துவிட்டது. அவர் அய்யாவோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். வலது கை அதன்பிறகு இடுப்புக்கு மேல் ஏறவில்லை. கடலுக்குப் போக முடியாமல், காயும் கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் காக்கை விரட்டினார். குற்றம் வாளின்மீது என்று ஊரே சொன்னது. அந்தப் பேச்சால்தான் இரண்டு வீடுகளும் முகம் பார்த்தன. அய்யா தினமும் அனுப்பிய மீனை அவர் மனைவி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த திருவிழாவுக்குப் புதிய வாள் செய்வதென்று முடிவானது. முட்டி போட யாரும் முன்வரவில்லை.

"ஊரான் பிள்ளை வேண்டாம். என் மகன் போடட்டும்" என்றார் அய்யா.

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே, "ஆட்டுக்குத் தெளிக்கிறாப்ல எனக்கும் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சிருங்க. தலைய ஆட்டிக்கிறேன்" என்றான். அம்மா அகப்பையை அவன் மேல் எறிந்தாள்.

நான் அப்போது கம்பவுண்டர் படிப்பு முடித்து, எங்கள் தீவிலேயே ஒரு சிறிய டிஸ்பென்சரியில் மருந்து நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்தலும் அவுன்சும் போய் கிலோவும் கிராமும் வந்துகொண்டிருந்த நேரம். வாளை நானும் பார்த்துத்தான் வாங்குவது என்று சொல்லிவிட்டேன். மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்: ஒன்று, மொத்த எடை. இரண்டு, ஒற்றை விரலில் வைத்தால் வாள் எங்கே சமமாக நிற்கிறது. மூன்று, பிடி அய்யாவின் கைக்குள் சுழல்கிறதா. நான்கு, ஓங்கி இறக்கினால் நினைத்த இடத்தில் நிற்கிறதா. நான்காவதன் கீழே கோடு போட்டேன்.

இராமநாதபுரத்துக்கு ரயிலில் போனோம். செய்யச் சொல்லியிருந்தது கோயில் படத்தில் இருப்பது போன்ற, குறுக்குக் கம்பி வைத்த சீமை வாள். ஆசாரி அதற்கு முன் அப்படி ஒன்று செய்ததில்லை. காலமெல்லாம் அரிவாள் அடித்தவர். அந்தக் கைப்பழக்கத்தில் இதற்கும் நுனிப்பக்கம் அரிவாள் போல அகலமாக வயிறு வைத்திருந்தார். தராசில் ஆயிரத்து நூறு கிராம்தான். ஆனால் விரலில் வைத்தபோது, குறுக்குக் கம்பியிலிருந்து ஒரு சாணுக்கும் அப்பால் போய்த்தான் சமமாக நின்றது.

"கனமா இருக்கே" என்றார் அய்யா.

"நுனியில கனம் இருந்தாத்தானய்யா வெட்டு விழும்" என்றார் ஆசாரி.

"வெட்டு விழக் கூடாது ஆசாரி. நிக்கணும்" என்றேன்.

"நிக்கிறதுக்கு எதுக்கும்மா வாளு? ஒரு தடிய வாங்கி ஊண்டிக்கிற வேண்டியதுதான?"

நாடகத்தைச் சொன்னேன். போன வருடம் நடந்ததையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். நுனியைத் தேய்த்துக் குறைக்கவும், பிடியின் அடியில் ஓர் இரும்புக் குமிழ் வைக்கவும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது எடை நூறு கிராம் கூடியிருந்தது. சமமாக நிற்கும் இடம் கம்பிக்கு நான்கு விரல் தூரத்துக்கு வந்திருந்தது. அய்யா கையில் வாங்கி, "இப்ப இலேசாயிருச்சே" என்றார். பிடி சுழலவில்லை. மூன்று வரிகளை அடித்தேன்.

நான்காவதற்கு, முட்டி போட்டவன் கழுத்து உயரத்தில் இரண்டு முக்காலிகளுக்கு நடுவே ஒரு பனை ஈர்க்கை வைத்தேன். அதற்கு ஒரு சாண் மேலே வாள் நிற்க வேண்டும். முதலில் ஆசாரியைச் செய்யச் சொன்னேன். பத்து முறையும் நின்றது. பிறகு அய்யா.

முதல் இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை ஈர்க்கு முறிந்தது. வேறு வைத்தேன். ஐந்தில் முறிந்தது, ஆறில் முறிந்தது. எட்டாவதில் முறிந்தபோது நான் வேறு வைக்கவில்லை. அய்யா மறுபடி வாளை ஓங்கினார்.

"அய்யா, ஈர்க்கு தெரியுதா?"

"தெரியாமலா? அந்தா இருக்குல்ல."

ஈர்க்கு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

ஆசாரி துருத்திப் பக்கம் போய்விட்டார். அய்யாவை வெளிச்சத்தில் நிறுத்தி இமையை விலக்கினேன். வலது கண்ணில் புரை பால் போல் படர்ந்திருந்தது. இடது கண்ணிலும் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அரைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கடலுக்கும் போய் வந்திருக்கிறார்.

"வாளு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அய்யா."

"அப்ப போன வருசமும் என் கண்ணுதானா?"

"அந்த வாளும் நுனி கனந்தான். ரெண்டும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

தீவுக்குத் திரும்பும் ரயில் பாலத்தின்மேல் போகும்போது அய்யா, "உங்கண்ணன் முட்டி போட வேண்டாம்" என்றார். பிறகு, "வாள நீயே வச்சுக்க" என்று என் மடிக்கு நகர்த்தினார்.

வீட்டுக்கு வராமல் நேரே காயம்பட்டவர் வீட்டுக்குப் போய்த் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் அனுப்பிய மீன் எங்கள் வாசல் மணலில் கொட்டிக் கிடந்தது. "குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு எம்புருசன வெட்டுனியே, உருப்படுவியா?" என்று அவர் மனைவி தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். அய்யா உள்ளே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். நாங்கள் கதவைச் சாத்தப் போனபோது விடவில்லை.

அந்த வருடம் வேறொருவர் வாள் எடுத்தார், வேறொருவர் முட்டி போட்டார். வாள் ஒரு சாண் மேலேயே நின்றது. அண்ணன் திரை இழுத்தான். அய்யா நாடகத்துக்கு வரவில்லை.

திருவிழா முடிந்த வாரம், காயம்பட்டவர் வழக்கம்போல டிஸ்பென்சரிக்குத் தைலம் வாங்க வந்தார். காலிப் புட்டியை இடது கையால் மேசைமேல் வைத்தார்.

"அந்த ஈர்க்கு வச்சுப் பாத்தது நீதானா தாயி?"

"ஆமா, மாமா."

"பழிய வாளு மேலயே போட்டு விட்டிருக்கலாமே. வாளுக்கு வலிக்காதே."

"இந்த வருசம் வாளுக்குக் கீழ அண்ணன் கழுத்துல்ல இருந்திருக்கும் மாமா."

அவர் தலையசைத்தார். நான் தைலத்தை அளந்து ஊற்றினேன். மூடியைத் தளர்வாகவே திருகினேன்; இறுக்கினால் அவரால் ஒரு கையால் திறக்க முடியாது.