குடலுக்காக நின்ற பஸ்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு எங்கள் கம்பெனி பஸ் எங்கும் நிற்காமல் போகும். வழியில் அவசரம் வந்துவிடுமே என்று பெண்கள் யாரும் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டோம். கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று நின்று கால் கடுக்கும். அதற்கு வலி மாத்திரை பஸ்ஸிலேயே கைமாறும். நானும் மிட்டாய் மாதிரி வாங்கிப் போட்டுக்கொள்வேன். இந்த லட்சணத்தில்தான் எனக்கு ரத்தமும் சளியுமாக வயிற்றால் போக ஆரம்பித்தது.

குடல் அழற்சி என்றார் டாக்டரம்மா. குடலுக்குள் மெல்லிய தோல் ஒன்று, கிருமிகளை உடம்புக்குள் விடாமல் காவல் காக்கிறதாம். எனக்கு அது புண்ணாகிக் கிடந்தது. "வலி நின்னா மட்டும் போதாதும்மா, அந்தத் தோல் ஆறணும். நல்லாயிடுச்சுன்னு நீயா மருந்தை நிறுத்தாதே. வலி மாத்திரை அதை இன்னும் புண்ணாக்கும், என்னைக் கேக்காம தொடாதே," என்றார்.

மருந்து சரி, பஸ்ஸுக்கு என்ன செய்வது? பஸ்ஸை விட்டால் வேலை போச்சு. பயந்துகொண்டே ஏறினேன். பாதி வழியில் வயிறு முறுக்கியது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

"லேட்டாச்சுன்னா என்னத்தான் கேப்பாங்கம்மா," என்றார் டிரைவர்.

"நிறுத்தலைன்னா சீட்ட நீங்கதான் கழுவணும். பரவால்லியா?"

பெட்ரோல் பங்க்கில் அவர் பிரேக் அடித்த வேகத்தில் எல்லோரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, கேட்காமலே அங்கே நிறுத்தினார். எனக்குத் துணைக்கென்று இரண்டு பேர் இறங்கினார்கள். போகப்போகப் பாதி பஸ் இறங்கியது. என்மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன்.

சில மாதம் கழித்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "தோல் நல்லா ஆறிடுச்சு. மருந்தை மட்டும் விட்டுடாதே." எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அறிவித்தேன்: "அண்ணே, இனிமே பங்க்குல நிறுத்த வேணாம். எனக்குச் சரியாயிடுச்சு!"

ஒருத்தியும் கைதட்டவில்லை. பக்கத்து சீட்டுக்காரி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அடிப்பாவி! உனுக்கு சரியாச்சு, எங்குளுக்கு? இப்பத்தான் காலைல தண்ணி குடிச்சிகினு வரோம். வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே முறைத்தார்கள். பங்க் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "ஐயோ அண்ணே, நிறுத்துங்க! தாங்காது!"

பஸ் நின்றது. முதல் ஆளாக இறங்கி ஓடியவள் பக்கத்து சீட்டுக்காரிதான்.