குஞ்சம்மாளின் பயறு டின்

குஞ்சம்மாள் சேலம் பக்கத்துக்காரி. புருஷன் அழகர்சாமியோடு டெல்லிக்கு வந்து, கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்தவள். குடியிருந்தது யமுனைக் கரையோரக் குடிசையில். வந்த வருஷமே மழை பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் வேலை நின்றுபோனது. அத்தனை நாளும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்க முடியவில்லை. சின்னவள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தது அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

அதன் பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம் கால் கிலோ தட்டைப்பயறு கூடுதலாக வாங்கிவிடுவாள். கடைக்காரன் அதை லோபியா என்பான். மே மாத வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையைக் கலந்து, பழைய எண்ணெய் டின் ஒன்றில் போட்டு மூடினாள். டின் நிறைந்த பிறகு அதைத் திறக்கவே இல்லை. அழகர்சாமி சுண்டலுக்கு ஆசைப்பட்டுக் கேட்டாலும் கிடைக்காது. பயறு அவசரத்துக்கு என்றால் அவசரத்துக்குத்தான்.

அந்த அவசரம் எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில் வந்தது. ஆறு பெருகி வருகிறது, எல்லோரும் கரைமேட்டுக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது. அழகர்சாமி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டான். குஞ்சம்மாள் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் குடிசைப் பொன்னி, விழுப்புரத்துக்காரி, அம்மிக்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள். துணிமணியை விட்டுவிட்டுக் கல்லைச் சுமக்கிறாளே என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் குடிசைகள் தண்ணீருக்குள் போய்விட்டன. சாப்பாட்டு லாரி வர இரண்டு நாளாவது ஆகும் என்றார்கள். குஞ்சம்மாளுக்கு அந்த நேரத்திலும் உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. காலையில் அடிபம்புத் தண்ணீரில் பயறை ஊறவைத்தாள். மத்தியானத்துக்கு மேல், குடிசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்த கூரை மூங்கிலைப் பிளந்து அடுப்பு மூட்டினாள். பயறு வேகும் வாசனைக்கு அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆனால் பயறு வேகவில்லை. ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரமும் போனது. நசுக்கிப் பார்த்தால் தோல் கழன்றதே தவிர உள்ளே கூழாங்கல்லாகத்தான் இருந்தது. வருஷக்கணக்கில் டின்னில் கிடந்து இறுகிப்போன பயறு. மூங்கிலும் தீர்ந்துவிட்டது. குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் குஞ்சம்மாள் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பொன்னி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பயறை எடுத்துக் கடித்தாள்.

"வேவலன்னா என்னாக்கா? அரைச்சிடலாம். எங்கிட்டதான் கல்லு இருக்குதே."

"இது அரையுமா பொன்னி?"

"தண்ணி குடிச்சிருக்குது, அரையும். நீ மொளவா இருந்தா எடு."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி அரைத்தார்கள். கை கடுத்தது. யாரோ ஒரு பிடி கோதுமை மாவு கொடுத்தார்கள், இன்னொருத்தி தோசைக்கல் கொண்டுவந்தாள். இருந்த கங்கின் மேல் சுள்ளியைப் போட்டு ஊதி, உப்பும் மிளகாயும் சேர்த்த மாவை மெல்லிசாகத் தட்டிப் போட்டார்கள். ஊறிய பயறை அரைத்ததால் அடை சீக்கிரமே வெந்தது. ஓரம் முறுகலாக வந்த முதல் அடையைப் பிய்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள் குஞ்சம்மாள். லாரி மூன்றாம் நாள் வந்தது. அதுவரை பதினோரு குடும்பம் அந்த டின்னில் சாப்பிட்டது.

வெள்ளம் வடிந்து மறுபடி குடிசை போட்டதும் அவள் மறுபடி ஒரு டின் வாங்கினாள். இந்த முறை பூட்டி வைக்கவில்லை. மாதம் ஒருமுறை பழைய பயறை எடுத்துச் சமைத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுசை அடியில் போட்டு மூடினாள். அழகர்சாமிக்கு மாதாமாதம் சுண்டல் கிடைத்தது. அடுத்த மழைக்குள் அந்த வரிசையில் ஐந்தாறு குடிசைகளில் டின் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இந்திக்காரப் பெண்கள்கூட அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.