எத்தனை ராடு இறங்கியிருக்கிறது?

யூகேஜி படிக்கும் என் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். என் மனைவி போனில் அழுதுகொண்டே இதைச் சொன்னபோது நான் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் வண்டிக்குப் பக்கத்தில், தலை முதல் கால் வரை கல்மாவு படிந்து நின்றுகொண்டிருந்தேன். நான் ட்ரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பலரையும்போல வருடத்தில் ஒன்பது மாதம் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றுகிறவன். பூமியில் துளை போடுவது தெரியும். பிள்ளை வளர்ப்பதெல்லாம் வீடியோ காலில்தான்.

"ஒரு மாசம் பாப்பாங்களாமா. அதுக்குள்ள ஒன்னுல இருந்து எண்ணலைன்னா மறுபடியும் எல்கேஜிலயே உக்கார வெச்சுப்போடுவாங்களாமா" என்றாள்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்றாம் வகுப்பில் நான் இரண்டு முறை உட்கார்ந்தவன். இரண்டாம் வருடம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் 'பெரியவரே' என்று கூப்பிட்டுச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. என் மகளுக்கு அது வரக்கூடாது. நல்ல வேளையாக அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஊர் திரும்பியது, நானும் திரும்பினேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் பாத்ரூம் கட்ட இறக்கிய எம்சாண்ட் குவியல் கிடந்தது. நான் வந்த மறுநாள் காலையில் என் மகள் அதன் உச்சியில் உட்கார்ந்து போர் போட்டுக்கொண்டிருந்தாள். நிஜமாகவே போர்தான். பப்பாளி இலையின் காம்பு உள்ளே பொந்தாக இருக்குமே, அதை நறுக்கி மணலில் செங்குத்தாகச் சொருகியிருந்தாள். அது குழியின் வாய் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப். அதற்குள் விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து ஒவ்வொன்றாக இறக்கினாள். அவை துளை போட ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் இரும்பு ராடுகள். வாயால் கம்ப்ரசர் சத்தம் வேறு, எச்சில் தெறிக்கத் தெறிக்க.

ஒவ்வொரு குச்சி இறங்கும்போதும் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். போர் முடிந்ததும் காம்பைப் பிடுங்கி மடியில் கவிழ்த்தாள். விழுந்த குச்சிகளை எடுத்து, கல்லுக்கு ஒன்றாக எதிரெதிரே அடுக்கினாள். கடைசியில் ஒரு கல் தனியாக நின்றது. உடனே காம்பை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். ஊதினாள். ஒரு குச்சி வெளியே வந்து விழுந்தது.

"ராடு மாட்டிக்கிச்சுங்க. எடுத்தாச்சு" என்றாள், யாரிடமோ.

அந்தக் கற்கள் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தொழிலில் ராடு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு. அதனால் ஒரு ராடு இறங்கினால் வண்டித் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம், மேலே வந்தால் ஒரு கோட்டை அழிப்போம். வீடியோ காலில் எப்போதோ அதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் கோட்டைக் கல்லாக மாற்றியது அவள் மூளை. எண்ணத் தெரியாதவள் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு, எண்ணே இல்லாமல் கணக்குச் சரிபார்க்கத் தெரிந்திருந்தது.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி உள்ளே புகுந்தேன். 'கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது, இந்தக் குச்சியை வைத்தே இருபது வரை ஏற்றிவிடலாம்' என்று கணக்குப் போட்டேன். மார்க்கர் வாங்கி வந்து ஒவ்வொரு கல்லிலும் ஒன்று, இரண்டு என்று எழுதினேன். "இது எத்தனை? அடுத்து எத்தனை? ஐஞ்சுக்கு அப்பறம் எட்டு வருமா?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து குடைந்தேன்.

முதல் நாள் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குச்சியையும் இறக்கினாள். மூன்றாம் நாள் கம்ப்ரசர் சத்தம் நின்றுபோனது. நான்காம் நாள் எண் எழுதிய கற்களையெல்லாம் சாக்கடையில் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"ஏனுங்க, அது பாட்டுக்கு வெளையாடிட்டு இருந்துச்சு. அங்க போயி வாத்தியார் சோலி பாக்கோணுமா நீங்க?" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாதத்தில் பாதி நாள் போய்விட்டிருந்தது.

அடுத்த காலை நானே பப்பாளிக் காம்பு ஒன்றை நறுக்கி எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். "ட்ரில்லருங்க, எனக்கு வேலை ஏதாச்சும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி ஊத்து. பேசக்கூடாது" என்றாள். இரண்டு நாள் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். பேசவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. என் குணத்துக்கு அது பெரிய காரியம்.

மூன்றாம் நாள் பழைய பாத்ரூம் சுவருக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, ராடு எறங்கியிருச்சு!" என்று வெளியிலிருந்து கத்தினாள்.

முகமெல்லாம் சோப்பு. பழக்கதோஷத்தில், வண்டி முதலாளி போனில் என்னிடம் கேட்பதுபோலவே கேட்டுவிட்டேன். "எத்தனை ராடு சாமி?"

"இத்தனை."

"நீ காட்டறது இங்க எப்படிக் கண்ணு எனக்குத் தெரியும்? நடுவுல செவுரு இருக்குதே."

கேள்வியே கேட்கக்கூடாது என்றிருந்தவன் கேட்டுவிட்டேன். கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மெதுவாக ஒரு குரல். "ஒன்னு... ரெண்டு... மூணு..." இடையில் தடுமாறியது. மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் ஒரே கத்தல். "ஏழுங்க!"

சோப்போடு நின்றபடி யோசித்தேன். பக்கத்திலிருந்து எத்தனை எத்தனை என்று நச்சரித்தேனே, அவள் ஏன் சொல்ல வேண்டும்? கல்லும் குச்சியும் எங்கள் இருவர் கண் முன்னாலும்தானே கிடந்தன. பார்க்காத ஆளுக்குத்தான் எண் வேண்டும். நானும் வண்டி முதலாளிக்குப் போனில்தானே எண்ணைச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்கும் உதவியாளிடம் சொன்னதாக ஞாபகமில்லை. இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றியதே கிடையாது.

அதன் பிறகு நான் சுவருக்குப் பின்னால், மொட்டை மாடியில், தெரு முனையில் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றேன். பதினொன்றுக்கு மேல் அவளுக்கு வழுக்கியது. வழுக்கினால் நான் திருத்தவில்லை. அவளாகவே உள்ளே ஓடி அம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்டு வந்த எண் மறக்கவில்லை.

மாதக் கடைசியில் பள்ளிக்குப் போனோம். வகுப்பு மிஸ் நல்ல பெண்தான், கொஞ்சம் களைத்த முகம். மேசை மேல் பாட்டில் மூடிகளைப் பரப்பினார். "எங்கே, எத்தனை இருக்குன்னு சொல்லு பாக்கலாம்."

என் மகள் மூடிகளைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் மறுபடி கேட்டார்.

"நீங்களே பாத்துட்டுத்தானுங்களே இருக்கறீங்க?" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். திமிராகப் பேசுகிறாள் என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள்! மன்னிப்புக் கேட்க எழுந்தேன். மிஸ் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப நான் பாக்கல. சொல்லு."

ஒவ்வொரு மூடியாக நகர்த்தினாள். ஒரு தடவை தடுமாறி, எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை. "பதினாலுங்க மிஸ்."

மிஸ் திரும்பித் தானும் ஒரு முறை எண்ணினார். "யூகேஜியிலயே இருக்கட்டும்" என்று நோட்டில் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "வீட்ல யாருங்க சொல்லிக் குடுத்தது? நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மிஸ்" என்றேன். "நான் சொல்லிக் குடுத்த நாலு நாளும் எண்ணவே இல்லீங்க."