புளி போட்டு விளக்கிய காசுகள்

பழங்காசைக் கழுவலாமா கூடாதா என்று இப்போது யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

தேற்றாத்தீவில் எங்கள் வளவில் ஷெல்லடிக்கு ஒளியப் பங்கர் வெட்டும்போது தம்பியின் மண்வெட்டி பட்டு ஒரு சின்ன மண்முட்டி உடைந்தது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்த செப்புக்காசுகள். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. பொடியன்கள் வந்தால் இயக்கத்துக்கு, ஆமி வந்தால் முகாமுக்கு. ஊரில் அந்த வயதுப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கவில்லை. அவனைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்ப அம்மாவின் நகையெல்லாம் ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டது. மிச்சப் பணத்துக்கு நாயாய் அலைந்துகொண்டிருந்தோம்.

மட்டக்களப்பு டவுனில் பழங்காசு சேர்க்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு காசை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பூதக்கண்ணாடியை வைத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒல்லாந்தர் காலத்துக் காசு பிள்ள. இந்த வகை இப்ப லேசில கிடைக்காது. மிச்சத்தையும் கொண்டு வாங்க, நான் எடுக்கிறன்."

அவர் சொன்ன விலை ஏஜென்சிக்குப் போதும். காசை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதேன்; வெட்கமாகவே இல்லை.

மறுநாள் நான் ஏஜென்சிக்காரனைப் பார்த்துவிட்டு வந்தபோது அம்மா கிணற்றடியில் இருந்தார். கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மஞ்சள் துணியில் முடிவது எங்கள் வழக்கம். மகனின் உயிர் இந்தக் காசில்தானே இருக்கிறது என்று அம்மா இதையும் கழுவப் பார்த்திருக்கிறார். களிம்பு போகவில்லை. சடங்குக்குக் கோயில் விளக்குகளை மினுக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்துவிட்டார். சுளகு நிறையக் காசுகள் செக்கச்செவேலென்று கிடந்தன.

"அழுக்கோட ஒரு பெரிய மனிசன்ர கையில குடுக்கப்படாது மகள்," என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டவுனுக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரன் அம்மா முடிந்து தந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, கோயில் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டான். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

அதிகாரி ஐயா முடிச்சை அவிழ்த்து, ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் பிள்ள இத மினுக்கினது?"

"அம்மா."

"அந்தக் களிம்புதான் காசுக்குத் தோல். உரிச்சிப்போட்டீங்களே. எழுத்தெல்லாம் தேய்ஞ்சி போச்சி. இனி இத ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"ஐயா, தம்பிய அனுப்பணும். குறைச்சாவது தாங்க."

"நான் பென்சன்காரன் பிள்ள. வேற ஆக்களுக்குக் குடுத்தாத்தான் எனக்கும் காசு."

அவர் கெட்ட மனிதரில்லை. அந்த ஒரு பச்சைக்காசுக்குரிய பணத்தை என் கையில் வைத்தார். கழுவக்கூடாதென்று ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். காசு சேர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் யார் காசு சேர்த்தார்கள்?

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார்.

"பளபளப்பக் கண்டு என்ன சொன்னார்?"

இவருக்கு எப்படிச் சொல்வது? முடிச்சைத் திருப்பிக் கொடுத்து, இப்போது விலை இறங்கிவிட்டதாம் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார்.

அந்த வருஷ விதைப்புக்கு முன்பே ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் ஏறி இறங்காத முகாம் இல்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் வந்து பார்க்கிறேன், கிணற்றடியில் அம்மா அதே காசுகளைப் புளியில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"விளிம்பில கறுப்பு நிண்டுட்டு மகள். அதுதான் அவர் எடுக்கல்ல. நான் இன்னும் வடிவா மினுக்கியிருந்தா பிள்ள வெளிநாட்டுக்குப் போயிருப்பான்."

நான் பக்கத்தில் குந்தி, இன்னொரு தும்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.