கான்பூரில் ஒன்பது விக்கெட்

என் மாமனாருக்குக் கோயிலில் இருந்த நம்பிக்கையைவிட ரேடியோப் பெட்டியில் நம்பிக்கை அதிகம். டெஸ்ட் மேட்ச் நடந்தால் கல்பாத்தியில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் எங்கள் கூடத்தில்தான் இருப்பார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. எதிராளியின் விக்கெட் விழுந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்களோ, அங்கேயே அப்படியே இருக்க வேண்டும். நகர்ந்தால் ராசி போய்விடும். டில்லியில் நாம் தோற்றதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் கால் மரத்துப்போய் எழுந்து நின்றதுதான் காரணம் என்று தீர்ப்பாகி, அவரிடம் வெகுநாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லோரும் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். ஆஸ்திரேலியாக்காரன் நன்றாக ஆடினான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. கான்பூரில் ஆட்டம். சாப்பாட்டு இடைவேளையில் போத்தனூரிலிருந்து என் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அப்பாவுக்கு விடியற்காலையிலிருந்து மூச்சு இழுக்கிறதாம். நினைவு இருக்கிறது, என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே வரச் சொன்னார்கள் என்றார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

என் கணவர் ஓடிப்போய் ஜட்கா பிடித்து வாசலில் நிறுத்தினார். ஒலவக்கோடு ஸ்டேஷனில் மத்தியான ரயில் வண்டியைப் பிடித்துவிட்டால் போதும். வாளையார் தாண்டினால் போத்தனூர் வந்த மாதிரிதான். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, மாமனாரிடம் சொல்லிக்கொள்ளக் கூடத்துக்கு வந்தேன். இடைவேளை முடிந்து ஆட்டம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. சமையலறை வாசலைத் தாண்டவில்லை, விக்கெட் விழுந்தது.

"நில்லு! அங்கேயே நில்லு! நகரப்படாது, கேட்டியா?" என்று மாமனார் கையை நீட்டினார்.

"அப்பாவுக்கு..." என்றேன்.

"தெரியும் கொழந்தே. இந்த ஓவர் முடியட்டும்."

ஓவர் முடிவதற்குப் பதிலாக இன்னொரு விக்கெட் விழுந்தது. அதோடு என் கதை முடிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. "ராசிக்காரிதான் ஓய்!" என்றார் ஒருவர். கையில் பையோடு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நான் நின்றேன்.

வாசலிலிருந்து ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். "ஏனுங்க, நேரமாச்சுங்க. இப்பக் கெளம்பலீன்னா வண்டி கெடைக்காதுங்க."

"உஷ்!" என்று கூடமே சேர்ந்து சொன்னது.

என் கணவரைப் பார்த்தேன். என்னைக் கூட்டிப் போக வேண்டியவர் அவர். செருப்பு போட்டு, குடையும் எடுத்துத் தயாராக நின்றவர், ரேடியோவைப் பார்த்தார், தகப்பனாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு விக்கெட் என்று அர்த்தம். எனக்கு அந்த விரலை ஒடித்துப் போட வேண்டும்போல இருந்தது. பிறகும் அவரோடு பிள்ளை குட்டி பெற்றுக் குடும்பம் நடத்தினேன். ஆனாலும் அந்த விரலை நான் மறந்ததில்லை.

ஆஸ்திரேலியாக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பந்து போட்டவர் யாரோ புண்ணியவான், அவருக்கு என்மேல் ஒரு பகையும் கிடையாது. அவர் பாட்டுக்குப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஜட்காக்காரர் முனகிக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டுப் போனது காதில் விழுந்தது. "சாயங்கால வண்டி இருக்கே, என்னத்துக்கு அழறாய்?" என்றார் மாமனார். என் முகத்தைப் பார்த்து அல்ல, ரேடியோவைப் பார்த்து. பத்தாவது விக்கெட்டும் விழுந்து, எல்லோரும் கட்டிக்கொண்டு குதித்த பிறகுதான் என்னால் காலை எடுத்து வைக்க முடிந்தது.

போத்தனூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. அப்பாவைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மூணு மணி வரைக்கும் வாசலையே பாத்துண்டிருந்தார்டி. வண்டி லேட்டோ, வண்டி லேட்டோன்னு கேட்டுண்டே இருந்தார். ஆமாம் லேட்டு, இதோ வந்துடுவாள்னு சொல்லிண்டே இருந்தேன்" என்றாள். நான் அதை மறுக்கவில்லை. வண்டி லேட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு அந்தப் பொய் ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் துக்கம் கேட்க வந்தார். கொள்ளி வைத்த கையோடு உட்கார்ந்திருந்த என் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். மேல்துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை.

"உன் தங்கையைப் பெருமையாச் சொல்லணும். நேத்திக்கு மத்தியானம் பூரா நின்ன எடத்துலேந்து நகரலையாக்கும். பத்துல ஒம்பது விக்கெட் ஒரே ஆளுக்கு!"

உள்ளே இருட்டில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தது எனக்குக் கேட்டது.

"அப்படீன்னா வண்டி லேட் ஆகலையாடி?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா மாமனார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். ஆட்டத்தைக் கேட்க முடியாமல் போன குறை அவனுக்கு. "கடைசி விக்கெட் போல்டா, கேட்ச்சா?" என்று மெல்லக் கேட்டான்.

"கேட்ச்" என்றார் மாமனார்.